பிள்ளைக்கு வாசிப்பைப் பழக்குவது எப்படி: காதிலிருந்து தொடங்குங்கள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் ஒன்றாம் வகுப்பு டீச்சர்களிடம் பெற்றோர் கேட்கிற கேள்வி அநேகமாக ஒன்றுதான். "டீச்சர், அஞ்சு வயசு முடியப் போகுது, இன்னும் ஆனா ஆவன்னா முழுசாச் சொல்ல மாட்டேங்கான். மூளை மந்தமா இருக்குமோன்னு பயமா இருக்கு." பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்கேஜியிலேயே ஏபிசிடியை நிறுத்தாமல் ஒப்பிக்கிறது, அதைப் பார்த்து வந்த பயம் இது. திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவிப் பக்கம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். அந்தப் பயத்தோடு வருகிற அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் வாசலில் நின்று ரெண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே விரிவாக எழுதுகிறேன்: வீட்டில் என்ன செய்வது, எந்த வயதில் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது.

முதலில் அந்த மூளை விஷயத்தைப் பார்த்துவிடுவோம். வாசிப்பால் அறிவு வளருமா என்று கேட்டால், வளரும் என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 1,890 ஜோடி ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைகளை 7 வயதிலிருந்து 16 வயது வரை தொடர்ந்து சோதித்துப் பார்த்து, 2014ல் ஸ்டூவர்ட் ரிட்சி, திமோத்தி பேட்ஸ், ராபர்ட் புளோமின் ஆகியோர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி இரட்டையர் என்றால் மரபணு ஒன்று, வீடு ஒன்று, அம்மா அப்பா ஒன்று. அப்படியிருந்தும் சின்ன வயதில் எந்தப் பிள்ளை கொஞ்சம் நன்றாக வாசித்ததோ, அந்தப் பிள்ளை பின்னால் அறிவுச் சோதனைகளில் தன் கூடப் பிறந்ததை விடச் சற்று மேலே நின்றது. சொல் சார்ந்த சோதனையில் மட்டும் என்றால் ஆச்சரியம் இல்லை, படங்களையும் வடிவங்களையும் வைத்து யோசிக்கிற சோதனைகளிலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் இருந்தது. அதே ரிட்சி இன்னொருவரோடு சேர்ந்து 2018ல் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய பழைய ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்தபோது, பள்ளியில் கூடுதலாகப் படிக்கிற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஐக்யூ 1 முதல் 5 புள்ளி வரை உயர்வதாகத் தெரிந்தது. ஆகவே "அவன் தலையெழுத்து அவ்வளவுதான்" என்று எந்தப் பிள்ளையையும் விட்டுவிட வேண்டியதில்லை.

இதைப் படித்ததும் மூணு வயசுப் பிள்ளையை உட்காரவைத்து எழுத்து சொல்லிக்கொடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். நியூசிலாந்தில் 5 வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும், 7 வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் செபாஸ்டியன் சுகேட் என்பவர் ஒப்பிட்டுப் பார்த்தார். 11 வயது வாக்கில் இரண்டு கூட்டத்துக்கும் வாசிப்பில் வித்தியாசமே இல்லை. பின்லாந்தில் பள்ளிப் படிப்பே 7 வயதில்தான் தொடங்குகிறது, அந்த நாட்டுப் பிள்ளைகள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. இரண்டு ஆய்வும் ஒன்றையொன்று மறுப்பது போலத் தெரிந்தாலும் அப்படி இல்லை. இரட்டையர் ஆய்வு 7 வயதில் எவ்வளவு நன்றாக வாசித்தார்கள் என்று பார்த்தது, 3 வயதில் எழுத்து தெரிந்ததா என்று பார்க்கவில்லை. எனவே நாம் கவனிக்க வேண்டியது பிள்ளை எப்போது தொடங்கியது என்பதைவிட, ரெண்டாம் வகுப்பு மூன்றாம் வகுப்பில் திணறாமல் வாசித்து, வாசித்ததைப் புரிந்து, மேலும் வாசிக்க ஆசைப்படுகிறதா என்பதைத்தான். அதற்கான அஸ்திவாரம் ஐந்து வயதுக்கு முன்னால் விழுகிறது. எழுத்தை வைத்து விழுவதில்லை, பேச்சையும் கதையையும் வைத்து விழுகிறது.

நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிற வரிசை இதுதான்: முதலில் காது, அப்புறம் கண், கடைசியில் கை. பெரும்பாலான வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. மூணு வயசில் பென்சிலைக் கையில் திணித்து நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்கிறார்கள், விரல் எலும்பும் தசையும் இன்னும் முற்றாத பிள்ளை பென்சிலோடு மல்லுக்கட்டி அழுகிறது, அழுகையோடு சேர்ந்துதான் எழுத்து என்றாலே கசக்க ஆரம்பிக்கிறது.

மூன்று வயது வரை: பேச்சு, பேச்சு, பேச்சு

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014ல், பிறந்த நாளிலிருந்தே பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும்படி தன் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. நம்ம ஊரில் ஆச்சிமார் இதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு, எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றும்போது ஒரு ஆச்சி சும்மா இருப்பாளா? "யாரு ராசா இது, யாரு கண்ணு இது, ஆத்துக்குப் போவமா, தாத்தாவப் பாப்பமா" என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளை 'ங்கா' என்று ஒரு சத்தம் கொடுத்ததும் ஆச்சி நிறுத்தி, "அப்படியா, அப்புறம்?" என்பாள். அந்த நிறுத்தம்தான் முக்கியம். நாம் ஒன்று சொல்லி, பிள்ளை பதில் சத்தம் தர இடம் விட்டு, அதற்கு நாம் மறுபடி பதில் சொல்வது. வெறுமனே காதில் வார்த்தை விழுவதால் பிள்ளை மொழி கற்பதில்லை, தனக்குப் பதில் கிடைக்கிறது என்று தெரியும்போதுதான் கற்கிறது.

போனில் பாட்டு ஓடவிட்டால் இது நடக்காது. பிள்ளை 'ங்கா' என்றால் போன் நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னது, இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதைவிடக் குறைந்தால் நல்லது. அமெரிக்காவில் கைக்குழந்தையை வாசிக்க வைப்பதாகச் சொல்லி வீடியோவும் அட்டையும் விற்ற ஒரு நிறுவனத்தின் மேல், அது பொய் விளம்பரம் என்று 2012ல் அந்நாட்டு அரசின் வர்த்தக ஆணையமே நடவடிக்கை எடுத்தது. பிறகு ஆய்வாளர்கள் 117 குழந்தைகளிடம் அந்த மாதிரிச் சரக்கை ஏழு மாதம் போட்டுப் பார்த்தார்கள், ஒரு குழந்தையும் வாசிக்கவில்லை. அட்டையைக் காட்டி 'யானை', 'எலிபென்ட்' என்று மாறி மாறிக் கத்துகிற வேலைக்கும் இதே பதில்தான்.

ஆனால் அப்பா துபாயிலோ சவூதியிலோ இருக்கிற வீடுகள் மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் ஏகப்பட்டது உண்டு. அவர்கள் இதைப் படித்துவிட்டு வீடியோ காலையும் நிறுத்திவிட வேண்டாம். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பிள்ளை சொல்வதைக் கேட்டுப் பதில் சொன்னால், இரண்டு இரண்டரை வயதுப் பிள்ளையும் அதிலிருந்து புதுச் சொல் கற்றுக்கொள்கிறது என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அதனால் அப்பாமார் "சாப்டியா, தூங்கினியா" என்று கேட்டதோடு முடிக்காமல், ஒரே படப் புத்தகத்தில் ரெண்டு பிரதி வாங்கி ஒன்றை அங்கே வைத்துக்கொண்டு, "நீ உன் புத்தகத்துல குரங்கு இருக்கிற பக்கத்தைத் திருப்பு பாப்போம்" என்று வாசித்துக் காட்டலாம். தினம் பத்து நிமிஷம் போதும்.

முக்கூடல், ஆலங்குளம் பக்கத்து அம்மாக்கள் சொல்வது இன்னொன்று: "காலையில இருந்து ராத்திரி வரை பீடி சுத்தணும், புத்தகத்தை எங்க பிடிக்கது?" நியாயமான கேள்வி. மடியில் சுளகு, கையில் இலையும் தூளும், புத்தகம் பிடிக்க முடியாதுதான். வாய் சும்மாதானே இருக்கிறது? (தூள் நெடி பிள்ளைக்கு ஆகாது, கொஞ்சம் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள்.) நேற்று பஸ்ஸில் நடந்தது, சின்ன வயசில் ஆற்றில் குளித்தது, கோயில் கொடையில் பார்த்த சாமியாட்டம், எதுவும் கதைதான். எழுத்து தெரியாத ஆச்சி சொல்கிற கதைக்கும் இதில் முழு மதிப்பு உண்டு. எனக்குத் தெரிந்து வகுப்பில் நன்றாக வாக்கியம் பேசுகிற பிள்ளைகளில் பாதிப் பேர், ஆச்சியோடு படுத்துத் தூங்குகிற பிள்ளைகள்.

கதையை எப்படி வாசிப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான இடம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். புத்தகத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்து மூடுவது ஒரு வகை. பிள்ளை 'உம்' கொட்டிக் கேட்கும், தூங்கிவிடும். தப்பில்லை. ஆனால் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1988ல் வேறொரு வகையைச் சோதித்தார்கள். ரெண்டு மூணு வயதுப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒரு பகுதியினருக்கு, வாசிக்கும்போது கேள்வி கேட்கவும், பிள்ளை சொன்னதை நீட்டிச் சொல்லவும், பிள்ளையையே கதை சொல்ல வைக்கவும் பழக்கினார்கள். மற்றவர்கள் வழக்கம்போல வாசித்தார்கள். ஒரே மாதத்தில் முதல் கூட்டத்துப் பிள்ளைகள் பேச்சில் பல மாதம் முன்னால் போய்விட்டார்கள்.

நம்ம பக்கத்து ஆட்களுக்கு இது புதிதே இல்லை. வில்லுப்பாட்டில் கதை சொல்கிற அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" போட்டு, "அப்புறம் என்னாச்சு?" என்று குறுக்கே கேட்டு, சொன்னதையே வாங்கித் திருப்பிச் சொல்லிக் கதையை இழுத்துக்கொண்டு போவார் இல்லையா, பிள்ளைக்கு வாசிக்கும்போதும் அப்படித்தான், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அண்ணாவி இடத்தில் பிள்ளையை உட்கார வைத்து, பக்கப்பாட்டுக்கு நீங்கள் நகர வேண்டும்.

ஒரு உதாரணம். படத்தில் ஒரு ஆடு, மரத்தடியில் நிற்கிறது.

"ஆடு என்ன பண்ணுது?"

"தின்னுது."

"ஆமா, ஆடு குழை தின்னுது. எந்த மரத்துக் குழை அது?"

"வேப்ப மரம்."

"வேப்பங்குழையா! கசக்குமே, அது எப்படித் தின்னுது?"

"ஆட்டுக்குக் கசக்காது, நம்மளுக்குத்தான் கசக்கும்."

"ஓ, நமக்குக் கசக்குது, ஆட்டுக்குக் கசக்கல. சரி, அடுத்த பக்கத்துல அந்த ஆடு எங்க போகும்னு நினைக்க?"

'தின்னுது' என்ற ஒரு சொல்லில் தொடங்கிய பிள்ளை மூணாவது பேச்சில் ஒரு நியாயம் சொல்கிறது. பிள்ளை சொன்னதோடு ரெண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொன்னீர்கள், ஆமாம் இல்லை என்று முடியாத கேள்வியாகக் கேட்டீர்கள், அவ்வளவுதான். தப்பாகச் சொன்னால் "தப்பு" என்று வெட்டாதீர்கள், சரியானதைச் சொல்லிக்கொண்டே கடந்துவிடுங்கள். கேள்வி கேட்டபிறகு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு அந்த மௌனம் தாங்காது, நாமே பதிலைச் சொல்லிவிடுவோம், பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாய்ப்பு போய்விடும். அதே சமயம் பக்கத்துக்குப் பத்துக் கேள்வி கேட்டுப் பரீட்சையாக ஆக்கிவிடவும் வேண்டாம். ரெண்டு மூணு போதும். பிள்ளை கதையின் வேகத்தில் இருந்தால் ஒன்றுமே கேட்காமல் வாசித்துவிட்டு, மறுநாள் கேளுங்கள்.

மறுநாளும் அதே புத்தகமா என்றால், ஆமாம், அதே புத்தகம்தான். "இதையே எத்தனை தடவ வாசிக்கது" என்று சலிப்பது நாம்தான், பிள்ளைக்குச் சலிப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் முன்னால் விளங்காத ஒரு சொல் விளங்குகிறது, அடுத்து வருவது தெரியும் என்ற சந்தோஷமும் சேர்ந்துகொள்கிறது. கடைசியில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு தானே 'வாசித்து'க் காட்டும், எழுத்து ஒன்றும் தெரியாமலே. அதைக் கேலி செய்யாமல் முழுசாகக் கேளுங்கள்.

புத்தகத்திலிருந்து வாசிப்பதற்கு வாய்க்கதையில் கிடைக்காத ஒரு லாபமும் இருக்கிறது. நாம் வீட்டில் "அவன் வந்துக்கிட்டு இருக்கான்", "எங்க போறிய" என்று பேசுகிறோம். புத்தகத்தில் "அவன் வந்துகொண்டிருக்கிறான்", "எங்கே போகிறீர்கள்" என்று இருக்கிறது. ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைக்கு அது பாதி அந்நிய பாஷை. எழுத்தைக் கூட்டுவது ஒரு பாரம், கூட்டிய பிறகு வருகிற சொல் வீட்டில் கேட்டிராத சொல்லாக இருப்பது அதைவிடப் பெரிய பாரம். மூணு நாலு வயதிலேயே புத்தகத் தமிழைக் காதால் கேட்ட பிள்ளைக்கு அந்த ரெண்டாவது பாரம் இல்லை. எனவே கதையை உங்கள் பேச்சிலேயே விளக்குங்கள், ஆனால் புத்தகத்தில் உள்ள வரியை உள்ளபடி ஒரு தடவையாவது வாசித்துவிடுங்கள்.

புத்தகத்துக்குப் பெரிய செலவு வேண்டாம். பொருநை நெல்லை புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அதையே தேர்ந்தெடுக்க விடுங்கள், நேஷனல் புக் டிரஸ்ட் மாதிரி இடங்களில் குறைந்த விலைப் படப் புத்தகங்கள் உண்டு. பாளையங்கோட்டையில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது, ஊருக்குள் கிளை நூலகமோ ஊர்ப்புற நூலகமோ இருக்கும், பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். பிரதம் புக்ஸ் நடத்துகிற ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, பிரின்ட் எடுத்து நூலால் தைத்துக்கொள்ளலாம். அரசுப் பள்ளி என்றால் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் கொடுத்த சின்னப் புத்தகங்கள் இருக்கும், டீச்சரிடம் கேளுங்கள். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம், அலமாரியில் பூட்டிவைத்த புத்தகத்தால் யாருக்கும் லாபமில்லை.

நாலு வயதில் ஒலி விளையாட்டு

இதற்குப் புத்தகமே வேண்டாம், பஸ்ஸில் போகும்போது செய்யலாம். தா-மி-ர-ப-ர-ணி என்று கை தட்டி எண்ணச் சொல்லுங்கள், ஆறு தட்டு. நெல்-லை, ரெண்டு தட்டு. 'மா'வில் தொடங்குகிற பொருள் வீட்டில் என்னென்ன என்று கேளுங்கள். தேங்காயில் 'தேங்' போனால் மிச்சம் என்ன, மாங்காயில் 'மாங்' போனால் என்ன, ரெண்டிலும் 'காய்' மிஞ்சுகிறது என்று பிள்ளை கண்டுபிடிக்கும்போது அதன் முகத்தைப் பாருங்கள். சொல் என்பது துண்டு துண்டான ஒலிகளால் ஆனது என்று காதுக்குத் தெரிந்துவிட்டால், அந்தத் துண்டுகளுக்கு வடிவம் கொடுப்பதுதான் எழுத்து என்பது சட்டென்று பிடிபடும்.

எழுத்தைக் காட்டும்போது

ஐந்து வயதை ஒட்டி, பிள்ளையே "அது என்ன எழுதியிருக்கு?" என்று கேட்க ஆரம்பிக்கும். அதுதான் நேரம். நாலரையில் கேட்டால் நாலரையில் காட்டுங்கள், ஆசையாகக் கேட்கிற பிள்ளையைத் தடுக்க ஒரு காரணமும் இல்லை. விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து 'அ' எழுத வைத்திருப்பீர்கள், அந்த முறை நல்ல முறை: பென்சில் இல்லை, விரல் மட்டும். அதையே தொடருங்கள், முற்றத்து மணலில், கோலப்பொடியில், ஆற்றங்கரையில்.

அ முதல் ஔ வரை, க முதல் ன வரை, 247ஐயும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதைத் தயவுசெய்து முதல் வேலையாக வைக்காதீர்கள். க ங ச என்று ராகம் போட்டு முழுசாகச் சொல்லிவிட்டு, 'பால்' என்று எழுதிக் காட்டினால் திகைத்து நிற்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் என் வகுப்பில் இருக்கிறார்கள். ங, ஞ எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளை வாசிக்கிற சொல்லில் எத்தனை தடவை வரப்போகிறது? எழுத எளிதான, அடிக்கடி வருகிற சில எழுத்தில் தொடங்கி, அன்றைக்கே சொல் வாசிக்க வையுங்கள். ட, ப, ம மூன்றும், மேலே புள்ளி என்ற விஷயமும் தெரிந்தால் போதும்: படம், மடம், பட்டம், மட்டம். ர, க, ல சேர்த்தால் மரம், கல், பல், கடல், பகல், பக்கம், ரம்பம், கட்டம். அப்புறம் துணைக்கால் ஒன்றை மட்டும் கொடுங்கள்: மாமா, பாப்பா, பால், கால், காகம், பாலம், மாடம். ஒரு கோடு போட்டால் 'ப' 'பா' ஆகிறது, 'க' 'கா' ஆகிறது, 'ம' 'மா' ஆகிறது என்று பிள்ளை தானே கண்டுகொண்டால் மிச்சமுள்ள உயிர்மெய்யில் பாதி பயம் போய்விடும்.

இன்னொன்று, எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லுங்கள். "கானா, லானா" என்று சொல்லிக்கொடுத்த பிள்ளை 'கல்' என்பதைக் கூட்டும்போது கானாவும் லானாவும் சேர்ந்து என்ன வரும் என்று முழிக்கும். 'க', 'ல்' என்று சொன்னால் 'கல்' தானாக வரும்.

கொம்பு வருகிற எழுத்தில் எல்லாப் பிள்ளைகளும் தடுக்கும், அதற்குக் காரணம் உண்டு. கெ, கே, கை என்று எழுதும்போது அடையாளம் முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோவில் ரெண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாக வாசிக்கப் பழகிய கண்ணுக்கு அது குழப்பம்தான். அதனால் அந்த எழுத்துகளைப் பிரித்துக் காட்டாமல் ஒரே முழு வடிவமாகக் காட்டுங்கள். கு, சு, டு, மு, ரு என்று உகரம் ஒவ்வொரு எழுத்திலும் ஒவ்வொரு வடிவம் எடுப்பதால் அதைத் தனித்தனிச் சொல்லாகவே பழக்குங்கள்: ஆடு, மாடு, வீடு, முறுக்கு. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கு இத்தனை. நம்முடையதைப் போன்ற எழுத்து முறை உள்ள கன்னடத்தில் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று சோனாலி நாக் ஆராய்ந்து 2007ல் எழுதினார், எழுத்து முழுசாக வசப்பட மூன்றாம் நான்காம் வகுப்பு வரை நீள்கிறது என்று. ஆக, ஒன்றாம் வகுப்பு முடிவில் சில எழுத்து தடுமாறினால் அதற்காகப் பிள்ளையை அடிக்கவோ பழிக்கவோ வேண்டாம்.

ல, ள, ழ குழப்பத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். நம்ம பக்கம் பழத்தைப் 'பளம்' என்றுதான் முக்கால்வாசிப் பேர் சொல்கிறோம், அப்புறம் பிள்ளை ள போட்டு எழுதினால் அதன் மேல் என்ன குற்றம்? நீங்கள் வாசிக்கும்போது திருத்தமாக வாசியுங்கள், அந்தச் சொல்லைப் பல தடவை கண்ணால் பார்த்த பிறகு எழுத்து தானாகச் சரியாகும்.

திருநெல்வேலியில் நல்ல இலவசப் பாடப் புத்தகம் பஸ் போர்டுதான். புது பஸ் ஸ்டாண்டில் பத்து நிமிஷம் நிற்க நேர்ந்தால், "நம்ம பஸ் எதுன்னு கண்டுபிடி" என்று பிள்ளையிடம் விட்டுவிடுங்கள். 'பாபநாசம்' என்ற ஒரு போர்டிலேயே ப, பா ரெண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது. அதிலும் பஸ்ஸைத் தவறவிடக்கூடாது என்கிற அவசரம் சேர்வதால் பிள்ளை உண்மையிலேயே வாசிக்கிறது, ஒப்பிப்பதில்லை.

பள்ளிக்குப் போன பிறகு

ஒன்றாம் ரெண்டாம் வகுப்பில் தினம் ஒரு கால் மணி நேரம் பிள்ளை உங்களுக்கு வாசிக்கட்டும். வரிக்குக் கீழே விரல் ஓடட்டும். ஒரு சொல்லில் நின்றால் சற்றுப் பொறுங்கள், அப்புறம் முதல் ஒலியை எடுத்துக் கொடுங்கள், அதற்கும் வரவில்லை என்றால் சொல்லையே சொல்லிவிட்டு மேலே போங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லி, "என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். கோஃப், டன்மர் என்ற ரெண்டு பேர் 1986ல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைக் கூட்டும் திறமை ஒரு பக்கம், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறமை ஒரு பக்கம். எது பூஜ்ஜியமானாலும் விடை பூஜ்ஜியம். கணீரென்று வாசித்துவிட்டு என்ன வாசித்தோம் என்றே தெரியாத பிள்ளைக்கு மேலும் மேலும் எழுத்துப் பயிற்சி கொடுத்துப் பயனில்லை, அதற்குக் கதையும் பேச்சும்தான் வேண்டும். க என்ற ஒரே எழுத்து 'கல்'லில் ஒரு மாதிரியும் 'தங்க'த்தில் ஒரு மாதிரியும் ஒலிப்பதைக்கூட, அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்ட பிள்ளைதான் தானாகச் சரிசெய்துகொள்கிறது.

பிள்ளை தானாக வாசிக்க ஆரம்பித்துவிட்டது என்று நீங்கள் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளையால் தானாக வாசிக்க முடிகிற கதை சின்னது, கேட்டுப் புரிந்துகொள்ள முடிகிற கதை அதைவிட ரொம்பப் பெரியது. அந்தப் பெரிய கதையில்தான் புதுச் சொல்லும் புது யோசனையும் இருக்கிறது.

இங்கிலீஷ் மீடியத்தில் போட்டுவிட்டோம், தமிழ் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: வீட்டில் பேசுகிற பாஷையில் வாசிக்கக் கற்ற பிள்ளைக்கு, எழுத்து ஒலியைக் காட்டுகிறது என்ற சூட்சுமம் ஒருமுறை புரிந்துவிடுகிறது. அதை மறுபடி இங்கிலீஷுக்காகத் தனியாகக் கற்க வேண்டியதில்லை. அதிலும் தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துப்போவதால் அந்தச் சூட்சுமம் சீக்கிரம் பிடிபடுகிறது. ரெண்டையும் படிக்கட்டும், வீட்டுக் கதை மட்டும் தமிழில் இருக்கட்டும்.

அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல் வந்தபிறகு பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறோம். "எம்பிள்ளையை அரும்புல போட்டுட்டியளே" என்று வருத்தப்படாதீர்கள். எங்கே தடுமாறுகிறதோ அங்கிருந்து தொடங்கத்தான் அந்த ஏற்பாடு, பிள்ளை முன்னேறினால் நிலையும் மாறும்.

வாசிப்பு வரவே இல்லை என்றால்

ரெண்டாம் வகுப்பு முடியும்போதும் சின்னச் சின்னச் சொல்லையே கூட்ட முடியவில்லை என்றால், ட்யூஷனைக் கூட்டுவதற்கு முன்னால் காதையும் கண்ணையும் பாருங்கள். அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைக்குக் காதுக்குள் நீர் தேங்கிக் கேள்வி மந்தமாகலாம், வகுப்பில் பாதி ஒலி அதற்குப் போய்ச் சேராது, நாம் கவனக்குறைவு என்று திட்டிக்கொண்டிருப்போம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டைப் பிரிவிலும் கண் பிரிவிலும் காட்டலாம். ரத்தச்சோகை இருந்தாலும் பிள்ளை சோர்ந்து கவனம் இல்லாமல் இருக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பால்வாடியில் தருகிற சத்துமாவையும், பள்ளியில் தருகிற பூச்சி மாத்திரையையும் வீணாக்காதீர்கள். உப்பையும் சொல்லிவிடுகிறேன், தூத்துக்குடி பக்கத்திலேயே இருப்பதால் அயோடின் சேர்க்காத உப்பு நமக்கு மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் வயிற்றில் இருக்கும்போதும் சின்ன வயதிலும் அயோடின் குறைந்தால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும். பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று பார்த்து வாங்குங்கள்.

இதற்கு நேர் எதிராக, ரெண்டரை மூணு வயதிலேயே யாரும் சொல்லிக்கொடுக்காமல் எழுத்தும் நம்பரும் கடகடவென்று வாசிக்கிற பிள்ளை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல், கேட்டதற்குப் பதில் பேசாமல் இருந்தால், அதைப் பெருமையாக வீடியோ எடுத்துப் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். குழந்தை வளர்ச்சி பற்றித் தெரிந்த டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

காதும் கண்ணும் உடம்பும் சரியாக இருந்து, பேச்சும் கெட்டிக்காரத்தனமாக இருந்து, வாசிப்பு மட்டும் வராமல் போனால் டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். அது அறிவுக் குறைவு இல்லை. பள்ளி மூலமாக வட்டார வள மையத்தைக் கேளுங்கள், அங்கே சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், என்ன சோதனை செய்ய வேண்டும், எங்கே போக வேண்டும் என்று அவர்கள் வழி சொல்வார்கள். அந்தப் பயிற்சி நடக்கிற மாதங்களிலும் ராத்திரிக் கதையை நிறுத்த வேண்டாம், ஏனென்றால் தானாக வாசிக்க முடியாத பிள்ளைக்குப் புதுச் சொல் வந்து சேர அப்போது அந்த ஒரு வழிதான் திறந்திருக்கிறது.